குடிக்காதவர் ஏன் தள்ளாடுகிறார்?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 56 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கிறவர். ஒன்றரை ஆண்டாக நடை தள்ளாடுகிறது. ஊசியை வலைக்கண்ணுக்குள் கொடுக்கப் போனால் கை அலைகிறது. பேச்சு துண்டு துண்டாக வருகிறது. குடியை விட்டு 12 ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் தெருவில் ‘மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்’ என்று பேசுகிறார்களாம். மருத்துவர் சீட்டில் சிறுமூளைப் பாதிப்பு என்று எழுதியிருக்கிறார். “அப்பா இப்போதும் ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்குகிறார். பலம் குறையவே இல்லை. பிறகு இது எப்படி நரம்பு நோய்? பயிற்சி செய்தால் சரியாகுமா? எனக்கும் வருமா? வலை வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?” இவைதான் கேள்விகள்.

நான் 31 ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் நரம்பியல் வார்டில் கழிந்தது. மருத்துவர் இல்லை; ஆகவே மருந்து பற்றி நான் சொல்கிற இடங்களில் உங்கள் மருத்துவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஐஸ் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி. தசைக்குச் ‘சுருங்கு’ என்ற உத்தரவு பெருமூளையிலிருந்து கிளம்பி, மூளைத்தண்டு, தண்டுவடம் வழியாக இறங்குகிறது. அந்தப் பாதை அடிபட்டால் கை கால் விழுந்துவிடும். அதைத்தான் பக்கவாதம் என்கிறோம். சிறுமூளை அந்தப் பாதையில் இல்லை. பிடரிக்கு மேலே, பெருமூளையின் பின்பக்கத்துக்கு அடியில், பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. எடை ஏறக்குறைய 150 கிராம், மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மனித மூளையின் நரம்பணுக்களை 2009இல் எண்ணிப் பார்த்தபோது, மொத்தம் சுமார் 8,600 கோடியில் 6,900 கோடி இந்தச் சின்ன இடத்துக்குள்தான் இருந்தன. உத்தரவு போடும் அதிகாரம் இல்லாத இடத்தில் இத்தனை பெரிய கூட்டம் என்ன செய்கிறது? கணக்குப் பார்க்கிறது. எந்தத் தசை, எவ்வளவு விசை, எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் பிடித்து நிறுத்துவது என்ற கணக்கு. உங்கள் அப்பாவுக்குப் பலம் அப்படியே இருக்கிறது. கணக்குதான் தப்புகிறது.

இந்த ‘பிடித்து நிறுத்துவது’தான் எல்லாவற்றிலும் கடினம். மேசைமேல் இருக்கிற தேநீர் கிளாஸை எடுக்கக் கையை நீட்டுகிறீர்கள். முழங்கையை நீட்டும் தசை முதலில் வேலை செய்கிறது. கிளாஸை எட்டுவதற்கு முன்பே அதற்கு எதிர்த் தசை பிரேக் போட்டாக வேண்டும். எட்டிய பிறகு போட்டால் கை கிளாஸைத் தாண்டிவிடும். அதாவது, இன்னும் நடக்காததை முன்கூட்டியே அறிந்து பிரேக் போட வேண்டும். சிறுமூளை கெட்டவருக்கு அந்தப் பிரேக் தாமதமாக விழுகிறது. கை தாண்டுகிறது, திருப்பி இழுக்கிறார், அதுவும் தாண்டுகிறது, மறுபடி திருத்துகிறார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது.

வார்டில் ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர் இருந்தார். காலையில் தேநீர் வரும். கை மடியில் இருக்கும்வரை கல் மாதிரி அசையாது. எடுக்கத் தொடங்கியதும் லேசாக ஆடும். கிளாஸுக்கு ஒரு சாண் இருக்கும்போது ஆட்டம் கூடும். விரல் விளிம்பைத் தொடும் நேரத்தில் மேசையே தடதடக்கும். அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கிளாஸுக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. கையை மேசையோரத்தில் வைத்து, விளிம்பு வழியாகவே தேய்த்துக்கொண்டு போய்க் கிளாஸில் முட்டி நிறுத்துவார். பிறகு வாயைக் கிளாஸுக்குக் கொண்டுவருவார். எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாததை அவரிடம் கற்றுக்கொண்டேன். பயிற்சி பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

வடசென்னைக்காரருக்கு இதைக் கேரம் பலகையில் வைத்துச் சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தானே. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? விரல் கிளம்பி ஸ்ட்ரைக்கரை விடுவதற்குப் பத்தில் ஒரு நொடிகூட ஆவதில்லை. கண் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, கைக்குத் திருத்தம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் வேண்டும். ஆகவே சுண்டும்போது நடுவழியில் எதையும் திருத்த முடியாது. விரல் கிளம்புவதற்கு முன்பே விசையும் திசையும் முடிவாகியிருக்க வேண்டும். கணக்கு முன்கூட்டியே சரியாக இருந்தால் காய் குழியில் விழும், இல்லையென்றால் இல்லை.

அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது? புதுப் பலகை ஒன்று வந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். போரிக் பவுடர் தூவி முதல் சுண்டு சுண்டினால் ஸ்ட்ரைக்கர் பறக்கும். காய் குழியின் விளிம்பில் இடித்துத் திரும்பி வரும். இரண்டாவதும் அப்படித்தான். பத்துப் பதினைந்து சுண்டுக்குள் கை அடங்கிவிடும். ‘இத்தனை பங்கு விசையைக் குறைக்க வேண்டும்’ என்று யாரும் கணக்குப் போடுவதில்லை, கையே குறைத்துக்கொள்கிறது. பிறகு மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பழைய பலகைக்குத் திரும்பினால் என்ன ஆகும்? இப்போது ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிடும். இந்த இரண்டாவது தவறுதான் எனக்குச் சுவையானது. கை உண்மையிலேயே கற்றுக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி. மனத்தால் மட்டும் ‘மெதுவாகச் சுண்டுவோம்’ என்று சமாளித்திருந்தால், பலகை மாறியதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டிருக்கலாம். கற்றது கை, கைக்குச் சொல்லிக் கொடுத்தது சிறுமூளை.

இதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். பார்வையை ஒரு பக்கமாக நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை மாட்டிவிட்டு, இலக்கின்மேல் எறியச் சொன்னார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர் முதலில் பக்கத்தில் எறிகிறார், சில எறிகளில் சரியாகிவிடுகிறார். கண்ணாடியைக் கழற்றினால் எதிர்ப்பக்கத்தில் தவறுகிறார். சிறுமூளை பாதித்தவர்களில் பலர் கண்ணாடியோடு தவறிக்கொண்டே இருந்தார்கள். கழற்றியதும் நேராக எறிந்தார்கள். எதிர்ப்பக்கத் தவறு வரவே இல்லை. கற்காதவருக்கு மறக்கவும் ஒன்றும் இல்லை. 1996இல் வெளியான ஆய்வு இது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுமூளையின் மேற்பரப்பில் புர்கின்யே செல்கள் என்று ஒருவகைப் பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 1837இல் விவரித்தவை. விசிறி விரித்தது போல, ஒரே தளத்தில் கிளை விரித்து நிற்கும் அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகையில் செய்தி வருகிறது. முதல் வகை, இணை இழைகள். ஒரே செல்லுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொடர்புகள். கை எங்கே இருக்கிறது, மூட்டு எவ்வளவு மடிந்திருக்கிறது, பெருமூளை இப்போது என்ன உத்தரவு போட்டது என்று எல்லாம் அவற்றில் வருகின்றன. இரண்டாவது, ஏறு இழை. பந்தலில் கொடி ஏறுவது போல அந்தச் செல்லைச் சுற்றி ஏறும். ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று. நொடிக்கு ஒருமுறை அளவில்தான் பேசும். ஆனால் பேசினால் செல் முழுவதும் அதிரும். அது சொல்வது பெரும்பாலும் ‘தப்பு’ என்ற செய்தி. அது வந்த நேரத்தில் எந்த இணை இழைகள் பேசிக்கொண்டிருந்தனவோ, அவற்றின் தொடர்பு கொஞ்சம் பலவீனமாகிறது. அடுத்த முறை அவற்றின் பேச்சு எடுபடாது. தவறு செய்த கணக்குப் பிள்ளையின் சம்பளத்தை வெட்டுவது போலத்தான்.

டேவிட் மார் 1969இல் ஏறு இழையை ஆசிரியராக வைத்து ஒரு கோட்பாட்டை எழுதினார். ஜேம்ஸ் ஆல்பஸ் 1971இல் ‘தொடர்பு பலப்படுவதில்லை, பலவீனமாகிறது’ என்று அதைத் திருத்தினார். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாவோ இட்டோ அந்தப் பலவீனமாதலைச் சோதனையில் காட்டினார். இன்று படம் இதைவிடச் சிக்கலாகிவிட்டது. ஏறு இழை தவறை மட்டும் சொல்வதில்லை, கற்றல் ஒரே இடத்தில் நடப்பதும் இல்லை. ஆனாலும் தவறிலிருந்து கற்பதுதான் சிறுமூளையின் தொழில் என்ற அடிப்படை நிலைத்திருக்கிறது.

கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் இதையே வேறு மாதிரிச் சொல்வார்கள். விசைப்படகில் பல நாள் தங்கிவிட்டுக் கரையேறினால், முதல் சில மணி நேரம் தரை ஆடும். படகின் ஆட்டத்துக்கு எதிராக உடலைச் சமன்செய்யப் பழகிய கணக்கு, ஆடாத தரையிலும் தொடர்கிறது. நின்றுபோன நகரும் படிக்கட்டில் கால் வைக்கும்போது, ‘இது நின்றிருக்கிறது’ என்று கண்ணுக்குத் தெரிந்தும் உடல் ஒரு கணம் முன்னால் தள்ளுகிறதே, அதுவும் இந்த ரகம். நமக்குத் தெரிவது வேறு, உடலுக்குத் தெரிவது வேறு.

இதை உள்ளிருந்து சொன்னவர் ஒருவர் இருக்கிறார். முதல் உலகப் போரில் குண்டடிபட்டுச் சிறுமூளை சிதைந்த வீரர்களை கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் மிக நுணுக்கமாகப் பரிசோதித்து எழுதினார். நாங்கள் இன்றும் செய்கிற சோதனைகள் பலவும் அவர் காட்டிய வழியில் செய்வதுதான். அவருடைய நோயாளி ஒருவர் சொன்னாராம்: இடது கை தானாகவே இயங்குகிறது, வலது கைக்கோ ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் அப்பா மாலையில் காரணமில்லாமல் களைத்துப் போகிறார் என்றால், எரிந்து விழுகிறார் என்றால், காரணம் இருக்கிறது. நாமெல்லாம் யோசிக்காமல் செய்வதை அவர் நாள் முழுவதும் யோசித்துச் செய்கிறார்.

அவருக்கு இரண்டு கையும் அலைகிறதா, ஒன்றா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கவனியுங்கள். பெருமூளையின் வலப்பக்கம் உடலின் இடப்பக்கத்தை ஆள்கிறது. சிறுமூளை அப்படி இல்லை. வலப்பக்கச் சிறுமூளைக்கு வலக்கை. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் கட்டி, ரத்தக்குழாய் அடைப்பு போன்றவற்றை முதலில் தேடுவார்கள். இரண்டு பக்கமும் மெல்ல மெல்லக் கெட்டால் மது, மருந்து, சத்துக் குறைவு, பரம்பரை என்று தேடுவார்கள். நடுப்பகுதி கெட்டால் கை ஓரளவு நன்றாக இருக்கும், நிற்கவும் நடக்கவும் மட்டும் தடுமாறும். பேச்சும் தசைவேலைதான். நாக்கு, உதடு, மூச்சு மூன்றும் கணக்காகச் சேர வேண்டும். சேராதபோது ‘வண்… ணா… ரப்… பேட்… டை’ என்று ஒவ்வோர் அசையும் தனித்தனியாக, ஒரே அழுத்தத்தில் விழும். கண்ணும் இலக்கில் நிற்காமல் துடிக்கும். உள்ளங்கையையும் புறங்கையையும் தொடையில் மாறிமாறித் தட்டச் சொல்வோம். தாளம் உடனே உடையும். மேசையில் தாளம் போட்டுக் கானா பாடி வளர்ந்த ஒரு நோயாளி, தன் கையில் தாளம் நிற்காததைப் பார்த்து அழுததைப் பார்த்திருக்கிறேன். நடக்க முடியாததற்கு அவர் அழுததில்லை.

தெருவில் பேசுகிறவர்களுக்கு வருவோம். அவர்கள் பார்த்தது பொய்யில்லை, முடிவுதான் தவறு. மது உள்ளே போனதும் சிறுமூளையின் வேலையைக் கெடுக்கிறது. கால் அகட்டி நடப்பது, நாக்குக் குழறுவது, சாவி பூட்டில் நுழையாமல் போவது எல்லாம் தற்காலிகச் சிறுமூளைக் கோளாறுதான். ஆக, சிறுமூளை நோயாளி குடித்தவரைப் போல இருக்கிறார் என்பதைவிட, குடித்தவர் சில மணி நேரம் சிறுமூளை நோயாளியாக இருக்கிறார் என்பதுதான் சரி. உங்கள் அப்பா சட்டைப்பையில் மருத்துவர் சீட்டின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். இரவில் போலீஸ்காரர் நிறுத்தினாலும், பஸ் நடத்துநர் ஏற்ற மறுத்தாலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பார்க்கின்சன் நோயோடும் இதைக் குழப்புகிறார்கள். அதில் நடுக்கம் கை ஓய்ந்திருக்கும்போது வரும், எடுக்கப் போனால் பெரும்பாலும் குறையும். அடிகள் குறுகித் தேயும், உடல் இறுகும். சிறுமூளையில் எல்லாம் தலைகீழ்: ஓய்வில் ஆட்டமில்லை, அடிகள் அகலம், தசை தளர்வு. இன்னொன்றும் உண்டு. சர்க்கரை நோய், பி12 குறைவு போன்றவற்றால் பாதத்தின் உணர்வு போனாலும் நடை தள்ளாடும். அவர்கள் வெளிச்சத்தில் சமாளிப்பார்கள். இருட்டிலோ, முகம் கழுவக் கண்ணை மூடினாலோ சாய்ந்துவிடுவார்கள். சிறுமூளைக்காரர் கண் திறந்திருந்தாலும் தடுமாறுவார்.

இனி காரணங்கள். இங்கேதான் நீங்கள் மருத்துவரிடம் விடாமல் கேட்க வேண்டும். திருப்பிப் பெறக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தைராய்டு, பி1, பி12, வைட்டமின் ஈ, இவற்றை ரத்தத்தில் பார்க்கலாம். அப்பா 12 ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு காலம், எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நெடுநாள் குடியும் பி1 குறைவும் சேர்ந்து சிறுமூளையின் நடு மேற்பகுதியைத் தேய்த்துவிடும். அதில் கால் அதிகம் கெடும், கை குறைவாகக் கெடும். ஆனால் குடியை விட்டபின் அது பொதுவாக நின்றுவிடும் அல்லது கொஞ்சம் தேறும். விட்டுப் பத்து ஆண்டு கழித்துப் புதிதாகத் தொடங்கி, கையையும் பேச்சையும் பிடிப்பது அந்தக் கதைக்குப் பொருந்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ‘பழைய குடியின் விளைவு’ என்று கோப்பை மூடிவிட விடாதீர்கள்.

அப்பாவுக்கு வலிப்பு மாத்திரை உண்டா? ஃபெனிடாயின் நம் ஊரில் மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரை. நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் கல்லீரலால் அதை வேகமாக அகற்ற முடியாது. அப்போது மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினால்கூட ரத்தத்தில் அளவு பல மடங்கு தாவிவிடும். ஒரு பெண் எங்களிடம் நடைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். நான் மூன்று வாரம் இணைகம்பிகளுக்கு நடுவே அவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன், முன்னேற்றமே இல்லை. கண் துடிப்பதைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர்தான் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கினார். இரண்டு மாதம் முன்பு அளவைக் கூட்டியிருந்தார்கள். குறைத்ததும் பத்து நாளில் அந்த அம்மா கம்பியைத் தொடாமல் நடந்தார். என் மூன்று வாரம் வீண். அன்றிலிருந்து யாரையும் நடக்க வைக்கும் முன் மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு திரும்பிவிடும். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்காக ஒன்று. புர்கின்யே செல்கள் வெப்பத்தைத் தாங்காதவை. அக்னி நட்சத்திர வெயிலில் மூட்டை தூக்கி, உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மயங்கி விழுந்தவர் பிழைத்து எழுந்த பிறகு, நிரந்தரமாகத் தள்ளாடுவதுண்டு. மயங்கியவரை நிழலுக்கு இழுத்து, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிர்விப்பது உயிரோடு சேர்த்து அவருடைய நடையையும் காப்பாற்றும். குழந்தைக்குச் சின்னம்மை இறங்கிய பிறகு திடீரென நடை தள்ளாடினால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். காலையில் தலைவலி, வாந்தியோடு நாளுக்கு நாள் தள்ளாட்டம் கூடும் குழந்தைக்கு ஸ்கேன் தள்ளிப்போடக் கூடாது. அது கட்டியாக இருக்கலாம்.

அப்பா விஷயம் மெதுவாக வந்தது. திடீரென்று வந்தால் கதை வேறு. சட்டென்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, உட்காரக்கூட முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்கிறார் என்றால் அது சிறுமூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதாக இருக்கலாம். கை கால் விழாததால் ‘பித்தம்’, ‘கேஸ்’ என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அடுத்த சில நாட்களில் வீக்கம் கூடி மூளைத்தண்டை அழுத்தினால் உயிருக்கே ஆபத்து. பின்மூளையில் தொடக்கநிலை அடைப்பை சி.டி. ஸ்கேன் தவறவிடலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். 108ஐ அழைத்து, நரம்பியல் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள். வடசென்னைக்கு ஸ்டான்லியும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன.

‘எனக்கும் வருமா?’ என்ற கேள்விக்கு, முதலில் உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரோ, அப்பாவின் உடன்பிறந்தவர்களோ நடுவயதில் இப்படித் தள்ளாடினார்களா? ‘தாத்தாவும் குடிகாரர்’ என்று வீட்டில் சொல்லப்படும் கதைகளைச் சந்தேகத்தோடு கேளுங்கள். குடிக்காமலே அந்தப் பெயர் வாங்கியவர்கள் உண்டு. எஸ்.சி.ஏ. எனப்படும் பரம்பரைச் சிறுமூளை நோய்களில் பல வகைகள் இருக்கின்றன. அவற்றில் முதல் வகை, எஸ்.சி.ஏ. 1, தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்க அளவில் பதிவாகியிருக்கிறது. கண் அசைவு மிக மெதுவாக இருக்கும் இன்னொரு வகையை 1971இல் முதலில் விவரித்தவர் பம்பாயின் நரம்பியல் மருத்துவர் வாடியா. பின்னாளில் அதன் பெயர் எஸ்.சி.ஏ. 2 ஆயிற்று. இவற்றில் மரபணுவின் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அடுத்த தலைமுறையில் இன்னும் இளவயதிலேயே தொடங்குவதும் உண்டு. எல்லாச் சிறுமூளை நோயும் பரம்பரை அல்ல. முதலில் அப்பாவுக்குச் சோதனை நடக்கட்டும். அவருக்கு உறுதியானால் மட்டுமே உங்களுக்கு என்ற பேச்சு. அப்போதும், அறிகுறி இல்லாத நீங்கள் சோதனை செய்துகொள்வது கட்டாயமல்ல. தடுக்கும் மருந்து இன்று இல்லாத நோயை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதை, மரபியல் ஆலோசனை பெற்று, நிதானமாக நீங்களே முடிவு செய்யுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதற்காக உறவினர்கள் அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள்.

பயிற்சி பற்றி. நேர்மையாகச் சொன்னால், இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: பயிற்சியிலிருந்து கற்கும் உறுப்பே பழுதாகியிருக்கிறது. ஆனால் கற்கிற இடம் மூளையில் அது ஒன்றுதான் என்றில்லை. ‘இந்தப் பக்கம் இவ்வளவு தவறிவிட்டாய்’ என்று காட்டினால் கற்காத சிறுமூளை நோயாளிகள், ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும் சொல்லி மெதுவாக இலக்கை நகர்த்தியபோது கற்றுக்கொண்டதை 2016இல் காட்டியிருக்கிறார்கள். அது மூளையின் வேறு பாதை. ஆகவே அப்பாவிடம் தவறைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். சரியாக வந்தபோது ‘ஆமாம், இதுதான்’ என்று சொல்லுங்கள். தேயும் வகைச் சிறுமூளை நோயாளிகளுக்கு ஜெர்மனியில் நான்கு வாரம் தீவிரமான சமநிலைப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் நடை மேம்பட்டது. 2009இல் வெளியானது அந்த ஆய்வு. வீட்டில் தொடர்ந்தவர்களுக்குப் பலன் தங்கியது. நோயை அது நிறுத்தவில்லை. ஆனால் கழிவறைக்குத் தானாகப் போய்வருவது இன்னும் இரண்டு ஆண்டு நீடித்தால் அது சின்ன விஷயமா?

ஆகவே வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் அரைமணி நேரம் போதாது. தினமும், வீட்டில், கொஞ்சம் கடினமாக இருக்கும் அளவுக்குச் செய்ய வேண்டும். சுவர் மூலையில் முதுகு காட்டி நின்று, முன்னால் நாற்காலி வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து நிற்பது. பிறகு ஒரு கால் முன்னே. பிறகு நின்றபடி பக்கத்தில் இருக்கும் பொருளை எடுத்து வைப்பது. விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும். விழவே வாய்ப்பில்லாத பயிற்சியால் பலனும் இல்லை. இதில் நான் பிடிவாதக்காரன். மணிக்கட்டில் எடை கட்டினால் சிலருக்கு ஆட்டம் அடங்கும், சிலருக்குக் கழற்றியதும் கூடும். கட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அன்றாட வேலைகளுக்கு அந்த லாரி ஓட்டுநரின் வழிதான். அந்தரத்தில் கையைப் பறக்க விடாமல், ஏதாவது ஒன்றின்மேல் ஊர விடுவது. பல மூட்டுகளை ஒரே நேரத்தில் அசைக்காமல் ஒவ்வொன்றாக அசைப்பது: முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் விரல். எவர்சில்வர் டம்ளரில் பாதி மட்டும் ஊற்றுங்கள். கழிவறையில் கம்பி, வாசலில் வெளிச்சம், நாடா கட்டிய செருப்பு. சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். விழுங்குவதிலும் கணக்குத் தப்பும், புரையேறும். நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள்.

வலை வேலையை விட்டுவிடச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நாற்பது ஆண்டுக் கைப்பழக்கத்தைவிட நல்ல பயிற்சியை என்னால் எழுதித் தர முடியாது. முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரட்டும். வலை மடியில் தளர்ந்து கிடக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கம்பத்தில் இழுத்துக் கட்டிவிடுங்கள். முன்கை இரண்டும் ஒரு பலகைமேல் படிந்திருக்கட்டும். ஊசியை அந்தரத்தில் வலைக்கண்ணை நோக்கிக் குத்தாமல், இடது ஆள்காட்டி விரலை வலைக்கண்ணுக்குள் முதலில் கொடுத்து, அந்த விரல்மேலேயே ஊசியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரிய கண் வலையில் தொடங்கட்டும். ஐஸ் பெட்டியை மட்டும் இனி வேறு யாராவது தூக்கட்டும். பலம் போதாது என்பதற்காக அல்ல, ஈரத் தரையில் அதோடு திரும்பும்போது விழுவார்.